கிறீன் ரீ: கோப்பைக்க இருக்கிறதும் போத்திலுக்க இருக்கிறதும்

[திரையில்: யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதி. ஒரு பார்மசியின் கண்ணாடி அலுமாரி.]

அலுமாரியின்ர ஒரு தட்டில கிறீன் ரீ பெட்டி. அதுக்குப் பக்கத்தில கிறீன் ரீ சாறு எண்டு போட்ட கப்சூல் போத்தில். வயிறு வத்தும், கொழுப்புக் கரையும், சலரோகம் மாறும் எண்டு ஆக்கள் சொல்லுற கதை ரெண்டுக்கும் ஒண்டுதான். உடம்புக்க போய்ச் செய்யிற வேலை வேற வேற.

[திரையில்: மலையகத் தேயிலைத் தோட்டம், கொழுந்து அருகில்.]

கிறீன் ரீ வாறதும் எங்கட வீட்டுத் தேத்தண்ணித் தூள் வாற அதே செடியில இருந்துதான். கொய்த கொழுந்தை உடன ஆவியிலயோ சூடான தாச்சியிலயோ காட்டினா, இலையின்ர நிறத்தை மாத்துற நொதியம் செத்துப்போகும். கற்றெக்கின் எண்ட பொருள்கள் அப்பிடியே மிஞ்சும், அதுதான் கிறீன் ரீ. உருட்டிக் காத்துப்பட விட்டா அதுகளில பெரும்பங்கு வேற பொருளா மாறி, சாயம் சிவக்கும், அதுதான் எங்கட கறுத்தத் தேத்தண்ணி. கற்றெக்கின்களுக்க பெரிய ஆளுக்குப் பேர் ஈ.ஜி.சி.ஜி.

சீனி போடாமல் ஒரு மிடறு வாயில வச்சுப் பாருங்கோ. நாக்கின்ர கரை இறுகி, வாய் வறண்ட மாதிரி இருக்கும். உமிழ்நீரில இருக்கிற புரதத்தைக் கற்றெக்கின் போய்ப் பிடிக்கிறதால வாற துவர்ப்பு அது. இந்தப் பிடிக்கிற குணம் பிறகு இன்னொரு இடத்திலயும் வரும்.

[திரையில்: ஆய்வுகூடத் தட்டு.]

ஆய்வுகூடத் தட்டில புற்றுநோய்க் கலங்களுக்கு மேல ஈ.ஜி.சி.ஜி.யை விட்டா, கலங்கள் பெருகிறது குறையும். இது உண்மை. ஆனா நாங்கள் குடிக்கிறதில குடல் தாண்டி இரத்தத்துக்குப் போறது கொஞ்சம்தான். தட்டில விட்ட அளவு உடம்புக்க கிட்டவும் வராது.

அதாலதான் போலக் கிடக்கு, இதில இருந்து வந்த மருந்து குடிக்கிற மருந்தில்லை, பூசுற களிம்பு. பாலுறுப்பைச் சுத்தி வைரசால வாற மருக்களுக்கு, கிறீன் ரீ கற்றெக்கின் 15% கலந்த களிம்பை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006இல அனுமதிச்சது. தாவரச் சாறில இருந்து வந்து, அங்க வைத்தியர் எழுதிக் குடுக்கிற மருந்தா அனுமதி வாங்கின முதல் ஆள் இதுதான். அதுக்காக மிஞ்சின தேத்தண்ணியை மருவில பூசிப்போடாதேங்கோ!

குடிக்கிற ஆக்களுக்கு? ஜப்பானின்ர ஓசாகிப் பகுதியில 40,530 பேரைப் பல வருசமாப் பின்தொடர்ந்த ஆய்வு 2006இல வெளிவந்தது. நாளுக்கு அஞ்சு கோப்பையும் அதுக்கு மேலயும் குடிச்ச ஆக்களில இருதய, இரத்தக்குழாய் வருத்தத்தால செத்த ஆக்கள் குறைவு. புற்றுநோய்ச் சாவில வித்தியாசம் இல்லை. அவையின்ர சாப்பாடும் நடையும் வேற எண்டதால, தேத்தண்ணிக்கு மட்டும் பேர் குடுக்கேலாது. கெட்ட கொலஸ்ரரோல் கொஞ்சம் இறங்கும். கிளினிக்கில தந்த குளிசையை நிப்பாட்டுற அளவுக்கு இல்லை.

[திரையில்: கப்சூல் ஒண்டு உள்ளங்கையில.]

இப்ப போத்திலுக்கு வருவம். கோப்பையில குடிக்கிற ஆக்களுக்கு ஈ.ஜி.சி.ஜி. நாளுக்குச் சராசரியா 90 இல இருந்து 300 மில்லிகிராம் வரை போகும். சாறுக் கப்சூலில நாளுக்கு 800 மில்லிகிராமும் அதுக்கு மேலயும் எடுத்தா ஈரல் பாதிக்கப்படுற அறிகுறிகள் தெரியுது எண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல சொன்னது. வெறு வயித்தில எடுத்தா இரத்தத்தில ஏறுற அளவும் கூடும். கந்தசட்டி விரதத்தோட மெலியவும் பாப்பம் எண்டு கப்சூலைத் தொடங்கிறது நல்லதே இல்லை.

[திரையில்: முருங்கையிலை வறையும் சோறும்.]

அந்தப் பிடிக்கிற குணம் இங்கதான். முருங்கையிலை, பயறு, கவுப்பி மாதிரித் தாவரச் சாப்பாட்டில வாற இரும்பைக் கற்றெக்கின் குடலிலயே பிடிச்சு வச்சிரும். எங்கட கறுத்தத் தேத்தண்ணியும் இதில குறைஞ்சதில்லை. பிள்ளைத்தாச்சிமார், இரத்தம் குறைஞ்ச ஆக்கள், சாப்பாட்டுக்கும் இரும்புக் குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் இடையில ஒரு மணித்தியாலமாவது விடுங்கோ. வறைக்குத் தேசிக்காய்ப் புளி விட்டா இரும்பு நல்லாச் சேரும்.

மருந்துகளோடயும் இது கொழுவும். பிரசருக்குக் குடுக்கிற நாடோலோல் உடம்பில சேரிறதைக் கிறீன் ரீ நல்லாக் குறைக்கும். மயலோமா எண்ட எலும்பு மச்சைப் புற்றுநோய்க்குப் போடுற போர்ட்டெசொமிப் மருந்தை ஈ.ஜி.சி.ஜி. முடக்கிறதை எலிகளில கண்டிருக்கினம். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போற ஆக்கள் கப்சூல் தொடங்க முதல் டொக்டரிட்டக் கேளுங்கோ.

கப்சூல் எடுக்கேக்க கண் மஞ்சளாகி, சலம் கறுத்து, வலப்பக்க மேல்வயிறு நொந்தா, உடன நிப்பாட்டிப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. போத்திலையும் கையோட கொண்டு போங்கோ, டொக்டர் கேக்காமல் ஒருத்தரும் இதையும் எடுக்கிற மருந்தெண்டு சொல்லுறேல்லை.