பெஞ்சில் ஓர் இடம்

நடுவர் அவர்களே, மேடையில் இருக்கும் நண்பர்களே, எதிரே பொறுமையாக உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, மாணவர்களே, வணக்கம்.

வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளையை வகுப்போடு சேர்த்துவைப்பது எது? ரோபோவும் மெய்நிகர்க் கருவிகளுமா, இல்லை சாதாரண வீடியோ அழைப்பும் ஆசிரியரின் அக்கறையுமா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "அக்கறை இருந்தால் போதும், இயந்திரம் எதற்கு?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. மைக் நன்றாக வேலை செய்கிறது.

சரி, அக்கறைக்கே வருகிறேன். நானும் ஆசிரியர்தான். என் மாணவி ஒருத்தி காலில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் வீட்டில் இருந்தாள். என் மேசையில் மடிக்கணினியை வைத்து, வீடியோ அழைப்பைப் போட்டு, "தெரியுதா, கேட்குதா" என்று விசாரித்துவிட்டுத்தான் தினமும் பாடம் தொடங்குவேன். ஒரு நாள் இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் ஓடினார்கள், நானும் போய்விட்டேன். விட்டுப்போன பேனாவை எடுக்கத் திரும்பி வந்தால், திரையில் அவள் முகம். காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "ஏம்மா, நீ இன்னும் கட் பண்ணலையா?" என்றேன். "எல்லாரும் எப்போ வருவாங்கன்னு பார்க்கிறேன் சார்" என்றாள்.

நடுவர் அவர்களே, அந்த நேரத்தில் என் அக்கறை வராந்தாவில் நின்று அரட்டை அடித்துக்கொண்டிருந்தது.

2020-இல் உலகம் முழுக்கப் பள்ளிகளை மூடினார்கள். 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். அப்போது வகுப்பு மொத்தமும் திரையில் கட்டம் கட்டமாக இருந்தது, ஆசிரியரும் ஒரு கட்டம்தான். கஷ்டம் இருந்தது, ஆனால் எல்லோருக்கும் ஒரே கஷ்டம். பள்ளி திறந்து பாதிப் பேர் உள்ளே வந்த பிறகுதான் வினையே ஆரம்பித்தது. உள்ளே இருப்பவன் மாணவன், கட்டத்துக்குள் இருப்பவன் பார்வையாளன் என்று ஆகிவிட்டது.

"அந்த மடிக்கணினியையே வராந்தாவுக்குத் தூக்கிப் போயிருக்கலாமே?" என்று எதிரணி கேட்கும். போயிருக்கலாம். அப்போதும் அவள் எதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தூக்குகிறவன் அல்லவா முடிவு செய்கிறான்? நான் கரும்பலகையைக் காட்டினால் கரும்பலகை, மறந்துபோய்ச் சுவரைக் காட்டினால் நாற்பது நிமிடமும் சுவர்.

நார்வேயில் நோ ஐசொலேஷன் என்றொரு நிறுவனம். நீண்ட நாள் நோயால் பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்காக ஏவி1 என்ற சின்ன ரோபோவைச் செய்கிறார்கள். சக்கரம் இல்லை, கை இல்லை, தலையும் உடம்பும் மட்டும். வகுப்பில் அந்தப் பிள்ளையின் இடத்தில் அதை வைக்கிறார்கள். வீட்டில் பிள்ளை திரையில் விரலை நகர்த்தினால் இங்கே தலை திரும்புகிறது. கை தூக்க நினைத்தால் தலையில் விளக்கு மின்னுகிறது. பக்கத்துப் பெஞ்சில் யாராவது கிசுகிசுத்தால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கலாம். பாடம் கவனிக்காமல் ஜன்னலைப் பார்க்கும் உரிமைகூட அந்தப் பிள்ளைக்குத் திரும்பக் கிடைக்கிறது. அது திரும்புவதை மற்றவர்களும் பார்க்கிறார்கள் என்பதுதான் விஷயம். "ஓ, இவள் என்னைப் பார்க்கிறாள்" என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரிகிறது. என் மடிக்கணினி பார்ப்பது யாருக்குத் தெரிந்தது?

நாம் பேசும்போது ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவில் உள்ள இடைவெளி, சராசரியாக 200 மில்லிநொடி. கண் சிமிட்டும் நேரம். அழைப்பு வழியாகப் பேசும் பிள்ளையின் குரல் அதற்கும் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது. அவள் "சார்" என்பதற்குள் முன்வரிசைக்காரன் பதில் சொல்லி முடித்திருப்பான். நாலு முறை இப்படி ஆனால் ஐந்தாவது முறை அவள் வாயே திறக்க மாட்டாள். ரோபோ அந்தத் தாமதத்தைப் போக்காது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் விளக்கு மின்னும். ஒருத்தி பேசக் காத்திருக்கிறாள் என்று வகுப்புக்குத் தெரியும், நாங்கள் நிறுத்துவோம்.

"முகமே தெரியாத பொம்மையோடு நட்பா?" என்று எதிரணித் தோழி கேட்டார். அந்த ரோபோ பிள்ளையின் முகத்தை வகுப்புக்குக் காட்டாது, உண்மை. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி கொட்டிப்போன பிள்ளையிடம் கேட்டுப்பாருங்கள் அம்மா, முப்பது பேர் முன்னால் முகத்தைக் காட்டிக்கொண்டு அல்ஜீப்ரா படிக்க ஆசையா என்று.

2020 மார்ச்சில் டோக்கியோவில் ஒரு பட்டமளிப்பு விழாவில் அங்கியும் தொப்பியும் போட்ட ரோபோக்கள் மாணவர்களுக்குப் பதிலாக வந்து பட்டம் வாங்கியதைச் சொல்லி எதிரணியினர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது ஒரு நாள் கூத்து, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அதே ஜப்பானில் கென்டாரோ யோஷிஃபுஜி என்பவர் இருக்கிறார். சிறுவயதில் உடல்நலமில்லாமல் சுமார் மூன்றரை ஆண்டு பள்ளிக்கே சரியாகப் போகாதவர். அந்தத் தனிமையை நினைத்து, படுத்த படுக்கையாக இருப்பவர்களும் வெளியே 'போய்வர' ஓரிஹிமே என்ற ரோபோவைச் செய்தார். காலி அறையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர் செய்த கருவி அது.

விஆர் ஹெட்செட், அதாவது கண்ணை மூடி மாட்டிக்கொண்டால் வேறோர் இடத்துக்குள் நிற்பதுபோலக் காட்டும் மெய்நிகர்க் கருவி, அந்த விஷயத்தில் என் அணியோடேயே எனக்குக் கொஞ்சம் சண்டை. நாள் முழுக்க மாட்டிக்கொண்டு பாடம் கேட்க முடியாது. கண் 'நகர்கிறேன்' என்கிறது, உள்காது 'இல்லவே இல்லை' என்கிறது, வயிறு புரட்டுகிறது. ஆனால் இதயத்தின் அறைகளைச் சொல்லித்தர இருபது நிமிடம் போதும். வீட்டில் இருப்பவளும் வகுப்பில் இருப்பவனும் ஹெட்செட்டோடு அந்த இதயத்துக்குள் நின்று வால்வு மூடுவதைப் பார்க்கும்போது, யார் தூரம், யார் பக்கம்? அங்கே எல்லோரும் வெளியூர்தான்.

குறை இல்லையா? இருக்கிறது. வைஃபை போனால் ரோபோ தலைகுனிந்து நிற்கும். ஏவி1 போல இல்லாமல் சக்கரம் வைத்த ரோபோக்களும் உண்டு; அது படிக்கட்டைக் கண்டால் அப்படியே நின்றுவிடும், கதவைத் திறக்கவும் தெரியாது. யாராவது திறந்துவிட வேண்டும், யாராவது தூக்கிப் போக வேண்டும். எதிரணியினர் இதைப் பெரிய குற்றமாகச் சொன்னார்கள். யார் தூக்குவது என்று பிள்ளைகள் போட்டி போடுவதை அவர்கள் யோசிக்கவே இல்லை.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். அந்த மாணவி மூன்று மாதம் கழித்து ஊன்றுகோலோடு வந்தாள். மூன்றாவது பெஞ்சில் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள்மேல் தப்பில்லை, இடம் காலியாகத்தானே இருந்தது. அங்கே ஒரு ரோபோ இருந்திருந்தால் அவள் உட்கார்ந்திருப்பாளா என்பதை, நடுவர் அவர்களே, நீங்களே சொல்லுங்கள். வணக்கம்.