கரும்புக்குள் இருக்கும் நாணல்

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, இந்தக் கூட்டத்தைக் கூட்டிய கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, என்னைவிட இந்தத் தலைப்பில் அதிகம் அறிந்திருந்தும் என்னைப் பேசச் சொல்லிவிட்டுக் கீழே அமர்ந்திருக்கும் தாவரவியல் துறைத் தலைவர் ஐயா அவர்களே, நான் எதில் கொண்டுபோய் முடிப்பேன் என்று தெரிந்தும் முன்வரிசைக்கு வந்திருக்கும் பொதுப்பணித் துறை ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, பின்வரிசையில் கதவோரம் இடம்பிடித்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்தினீர்கள், நன்றி. அதற்குப் பதில் ஒரு செடி கொடுத்திருக்கலாம், போகட்டும்.

தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளைப் பற்றிப் பேச வருகிறீர்களா என்று கேட்டார்கள். கரும்பு தின்னக் கூலியா? உடனே சரி என்றேன். மூன்று செய்திகள் சொல்ல நினைக்கிறேன்: குரோமோசோம் கணக்கு ஒன்று, கரும்பு ஒன்று, மக்னோலியா ஒன்று.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். குரோமோசோம் என்பது செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழை. நமக்கு 46, நெல்லுக்கு 24. தாய் தந்த தொகுப்பு ஒன்று, தந்தை தந்த தொகுப்பு ஒன்று, ஆக இரண்டு. இந்தக் கணக்கு பிசகினால் விலங்குகளுக்குப் பெரும்பாலும் ஆபத்து. தாவரம் அசராது. மூன்று, நான்கு, ஆறு, எட்டு என்று தொகுப்பைப் பெருக்கிக்கொண்டு ஜம்மென்று வளரும். இதுதான் பன்மடியம். நீங்கள் சாப்பிடும் பூவன் பழத்துக்கு மூன்று தொகுப்பு, 33 குரோமோசோம். இனச்செல் உருவாகும்போது மூன்றாவது தொகுப்புக்கு ஜோடி கிடைக்காது, கணக்கு குலைந்துவிடும். பழத்தில் விதை இல்லாததற்கு அது ஒரு முக்கியக் காரணம். ரொட்டிக் கோதுமைக்கு ஆறு தொகுப்பு, 42. நம் கரிசல்காட்டுக் கருங்கண்ணிப் பருத்திக்கு 26. அமெரிக்காவிலிருந்து வந்த பருத்திக்கு இருமடங்கு, 52.

இதனால் செடிக்கு என்ன லாபம்? ஒரே மரபணுவுக்கு இரண்டு நகல்கள் கிடைத்தால், ஒன்று பழைய வேலையைப் பார்த்துக்கொள்ளும், மற்றொன்றுக்குப் புது வேலை கற்றுக்கொள்ள இடமுண்டு. உபரியாகக் கிடக்கும் நகல்கள் பல காலப்போக்கில் அழிந்தும் போகும். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற சின்னஞ்சிறு செடிக்குப் பத்தே குரோமோசோம்தான். 2000ஆம் ஆண்டில் அதன் மரபணுத் தொகுப்பைப் படித்து வெளியிட்டபோது அதற்குள்ளும் பழைய இரட்டிப்பின் தடயங்கள் கிடந்தன. பூக்கும் தாவரங்களின் வரலாறே இப்படித் திரும்பத் திரும்பப் பெருகியதும் குறைந்ததுமான வரலாறுதான்.

இனி அம்மாளுக்கு வருவோம். 1897இல் தலைச்சேரியில் பிறந்தவர். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1934 முதல் 1939 வரை கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை. அங்கே அவர் எண்ணியது எதை? ஆற்றங்கரையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்குமே, அந்த நாணலை! இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்த நாணலின் வேர்நுனியை வெட்டி, பதப்படுத்தி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்தால் எறும்பு மொய்த்த சர்க்கரை மாதிரி குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். கண்ணால் பார்த்து, கையால் வரைந்து, எண்ண வேண்டும். எண்ணினால் ஊருக்கு ஊர் வேறு கணக்கு. 40 முதல் 128 வரை உண்டு என்கிறார்கள் இன்று. ஒரே இனப் புல்லுக்கு இவ்வளவு வேறுபாடு!

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லாமல் போனால் மாணவர்கள் என்னை விடமாட்டார்கள். 1939இல் எடின்பரோவில் மரபியல் மாநாடு. அம்மாள் போனார். போன இடத்தில் இரண்டாம் உலகப் போர் மூண்டுவிட்டது, அங்கேயே தங்கிவிட்டார். லண்டன் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. இங்கிலாந்துக்கு அவர் தனியாகப் போகவில்லையாம். புடவை மடிப்புக்குள் ஒரு அணிற்பிள்ளையை ஒளித்துக் கொண்டுபோனார் என்று சொல்வார்கள். கேபாக் என்று அதற்குப் பெயர். யோசித்துப் பாருங்கள். எதிரே வெள்ளைக்கார அதிகாரி. "அறிவிக்க ஏதாவது இருக்கிறதா, மேடம்?" அம்மாள் நிமிர்ந்து நின்று, இல்லை என்கிறார். இடுப்பில் ஏதோ குறுகுறு என்கிறது. சிரிக்கவும் முடியாது, சொறியவும் முடியாது! (அந்த உரையாடல் என் சரக்கு, அணில் மட்டும் உண்மை.) லண்டனில் இரவில் குண்டு விழும். அம்மாள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாராம். விடிந்ததும் ஆய்வுக்கூட அலமாரியில் சிதறிய கண்ணாடிச் சில்லுகளைத் துடைத்துத் தள்ளிவிட்டு, அன்றைய வேலையை ஆரம்பிப்பாராம். அந்தப் போர்க்காலத்தில்தான் செல்லியல் அறிஞர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் கணக்கைத் தொகுத்தார். 1945இல் அது நூலாக வந்தது. மின்சாரம் போனால் பதிவேட்டை மூடிவைக்கும் ஆராய்ச்சி மாணவர்கள் இங்கே யாரும் இல்லை என்று நம்புகிறேன்.

அணிலை விட்டுவிட்டு நாணலுக்கு வாருங்கள். அம்மாள் கோவைக்கு வருவதற்கு முன்பே, 1912இல் அந்த நிலையம் தொடங்கிய காலத்தில், அங்கிருந்த விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் நம் வெள்ளைக் கரும்போடு கோவைப் பகுதி நாணலைக் கலந்தார்கள். பிறந்தது கோ 205 என்ற கரும்பு ரகம். 1918இல் வயலுக்கு வந்தது. கரும்புக்கு 80 குரோமோசோம், அந்த நாணலுக்கு 64. வழக்கமாகத் தாயும் தந்தையும் பாதிப் பாதி தருவதுதான் முறை. கரும்பும் நாணலும் கலக்கும்போது பெரும்பாலும் நாணல்தான் பாதி தருகிறது. தாய்க் கரும்பு தன் தொகுப்பு முழுவதையும் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறது. இனிப்பு கரும்பிடமிருந்து வந்தது. நோயைத் தாங்குவதும், வடநாட்டுக் குளிரில் நிற்பதும், வெட்டியபின் மறுதாம்பாகத் துளிர்ப்பதும் நாணல் வீட்டுச் சீதனம். இன்றைய கரும்பின் மரபணுத் தொகுப்பில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு நாணலுடையது. பட்டினத்தார் கையில் பேய்க்கரும்பு நுனியில் இனித்தது திருவொற்றியூரில். நம் நாட்டுப் பேய்க்கரும்பான நாணல் இனித்தது கோயம்புத்தூரில்.

கரும்பு தின்னக் கூலியா என்று கேட்கிறோம். சரி, தின்கிறவனுக்கு வேண்டாம். கொடுத்த நாணலுக்கு என்ன கூலி கொடுத்தோம்? பொக்லைன்! கரையைச் சுத்தம் செய்கிறோம், அழகுபடுத்துகிறோம், நடைபாதை போடுகிறோம் என்று வேரோடு வாரிப்போடுகிறோம். வெள்ளம் வரும்போது கரை மண்ணைப் பிடித்து வைத்திருந்தது அந்த வேர்தான் என்று பொறியாளர் ஐயாவே தலையாட்டுகிறார், பாருங்கள். கண்ணூர் பண்ணையில்தான் கரும்பினங்களையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். வைத்திருக்கிறார்கள், பெரிய சேவை. ஆனால் பாத்தியில் நட்டது நட்டபடியே நிற்கும். ஆற்றங்கரையில் காற்றில் மகரந்தம் பறந்து, தானே கலந்து, தானே புதிது புதிதாக முளைக்கிறது. நாளைய நோய்க்கு விடை எந்தக் கரையில் எந்தத் தூரில் முளைத்திருக்கிறதோ, யார் கண்டார்?

அம்மாள் எண்பது வயதிலும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை அணைத் திட்டத்திலிருந்து காப்பாற்றக் குரல் கொடுத்தவர். 1984 பிப்ரவரியில் மறைந்தார். சென்னையை அடுத்த மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் கடைசிவரை வேலை செய்துகொண்டிருந்தவர். அதே ஆண்டு நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவானது. அவருக்கு நாம் சிலை வைக்க வேண்டாம். ஒவ்வொரு ஆற்றிலும் ஒரு துண்டுக் கரையை, அவர் எண்ணிய அந்தப் புல்லுக்காக, இயந்திரம் இறங்காமல் விட்டுவைத்தால் போதும்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். மக்னோலியாவுக்கு நேரமில்லை. நம் செங்காந்தளில் இருக்கும் கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருளைக் கொண்டு அவர் இங்கிலாந்தின் விஸ்லித் தோட்டத்தில் மக்னோலியாவின் குரோமோசோமை இரட்டிப்பாக்கினார், அவர் பெயரில் ஒரு மக்னோலியாவே இருக்கிறது என்பதோடு விடுகிறேன். மீதியைத் துறைத் தலைவர் ஐயா வகுப்பில் சொல்வார்.

அந்தத் துண்டுக் கரையை விட்டுவைக்கக் கேட்கும் மனு வாசல் மேஜையில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். கையெழுத்தோடு முகவரியும் எழுதுங்கள். முகவரி இல்லாத மனுவை ஓரமாகப் போட்டுவிடுகிறார்கள். நன்றி, வணக்கம்.