செய்யாத கொலைக்கு மரண தண்டனை: டிஎன்ஏ யாரைக் காப்பாற்றியது, யாரைக் காப்பாற்றாது?

(திரையில்: மேரிலாந்து வரைபடம், 1984)

1984 ஜூலை. அமெரிக்காவில், பால்டிமோர் நகரை ஒட்டிய ஒரு காட்டுப்பகுதியில் 9 வயதுச் சிறுமி ஒருத்தியைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றுவிட்டார்கள். இரண்டு சிறுவர்கள் சொன்ன அடையாளத்தை வைத்து போலீஸ் ஒரு முகத்தை வரைந்து வெளியிட்டது. யாரோ ஒருவர் தன் பெயரைச் சொல்லாமல் போன் செய்து, இது கிர்க் பிளட்ஸ்வொர்த் மாதிரி இருக்கிறது என்றார். வழக்கு தொடங்கியது அங்கேதான்.

பிளட்ஸ்வொர்த் அமெரிக்க மரைன் படையின் முன்னாள் வீரர், அதுவரை எந்தக் குற்ற வழக்கும் அவர் மேல் இல்லை. சிறுவர்கள் சொன்னது நல்ல உயரமான, ஒல்லியான, பொன்னிற முடிக்காரன். இவரோ பருத்த உடம்பு, செம்பட்டை முடி. ஆனாலும் 1985-இல் ஐந்து பேர் நீதிமன்றத்தில் ஏறி, அந்தச் சிறுமியோடோ அந்தப் பக்கத்திலோ பார்த்தது இவரைத்தான் என்று கை காட்டினார்கள். ஐந்து நேரடி சாட்சி இருக்கும்போது எந்த ஜூரி தயங்கும்? மரண தண்டனை கொடுத்தார்கள். அரசுத் தரப்பு சில தகவல்களை மறைத்தது தெரியவந்து மறுவிசாரணை நடந்தது, அதிலும் குற்றவாளி என்றே தீர்ப்பு, இந்த முறை இரட்டை ஆயுள் தண்டனை.

சிறையில் அவர் படித்த ஒரு புத்தகத்தில் இங்கிலாந்து வழக்கு ஒன்று வந்தது. அந்த வழக்கைத் தெரிந்துகொண்டால்தான் மற்றது புரியும்.

(திரையில்: லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வகம்)

லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் என்ற விஞ்ஞானி, 1984-இல், ஒரு ஆளை இன்னொரு ஆளிடமிருந்து டிஎன்ஏ-வை வைத்தே பிரித்துச் சொல்ல முடியும் என்று கண்டுபிடித்தார். அந்த வட்டாரத்தில் 1983-லும் 1986-லும் இரண்டு சிறுமிகள் கொலை. 17 வயதுப் பையன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டுவிட்டான். முதல் கொலையும் அவன்தான் செய்திருப்பான் என்று நிரூபிப்பதற்காகவே போலீஸ் ஜெஃப்ரீஸிடம் போனது. அவர் சொன்ன முடிவு: இரண்டையும் செய்தது ஒரே ஆள், ஆனால் அது இந்தப் பையன் இல்லை. அப்புறம் சுமார் 5,000 ஆண்களிடம் மாதிரி எடுத்து, தன் பெயரில் வேறொருவனை அனுப்பி ஏமாற்றப் பார்த்த கோலின் பிட்ச்ஃபோர்க்கை 1987-இல் பிடித்தார்கள். கொலைக் குற்றத்தில் டிஎன்ஏ நுழைந்ததும் முதலில் செய்த வேலை ஒரு நிரபராதியை விடுவித்தது. இதை நாம் அதிகம் பேசுவதே இல்லை.

தன் வழக்கிலும் இதைச் செய்யலாமே என்று பிளட்ஸ்வொர்த் கேட்டபோது, தடயப் பொருள்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று பதில் வந்தது. வழக்கறிஞர் விடாமல் தேடியதில், நீதிபதியின் அறையில் ஒரு காகிதப் பையில் அவை கிடைத்தன. சிறுமியின் உடையில் இருந்த கறை மிகச் சிறியது. கொஞ்சூண்டு டிஎன்ஏ-வைப் பல லட்சம் பிரதிகளாகப் பெருக்கும் பிசிஆர் முறை அதற்குள் வந்துவிட்டதால் அதைச் சோதிக்க முடிந்தது. அந்த விந்து அவருடையது இல்லை. 1993 ஜூன் 28 அன்று வெளியே வந்தார். அமெரிக்காவில் மரண தண்டனை பெற்று, டிஎன்ஏ மூலம் நிரபராதி என்று நிரூபணமான முதல் மனிதர் அவர். அதைப் பார்க்க அவருடைய அம்மா உயிரோடு இல்லை, சில மாதங்களுக்கு முன்னால்தான் இறந்திருந்தார்.

2003-இல் அதே மாதிரியைத் தேசிய டிஎன்ஏ தரவுத்தளத்தில் போட்டுப் பார்த்தபோது ஆள் கிடைத்தான். வேறொரு வழக்கில் தண்டனை பெற்று, பிளட்ஸ்வொர்த் இருந்த அதே சிறையில், அவர் அறைக்குக் கீழ்த்தளத்தில் இருந்தவன். 2004-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

(திரையில்: டிஎன்ஏ வரிசை, மீண்டும் மீண்டும் வரும் துண்டுகள்)

இந்தச் சோதனை எப்படி நடக்கிறது? நம் டிஎன்ஏ-வில் சில இடங்களில் ஒரு குட்டித் தொடர் திரும்பத் திரும்ப வரும். எனக்கு ஓரிடத்தில் 9 முறையும் உங்களுக்கு 12 முறையும் வரலாம். இப்படிப் பல இடங்களில் எண்ணிப் பார்க்கிறார்கள், அமெரிக்காவில் முன்பு 13 இடம், 2017 முதல் 20 இடம். எல்லாம் பொருந்தினால், வேறொருவருக்கும் தற்செயலாக இப்படி அமைய வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும். தெளிவான ஒரு மாதிரி பொருந்தவே இல்லை என்றால் கணக்குக்கு வேலையில்லை, அது அந்த ஆளுடையது கிடையாது.

சரி, பிளட்ஸ்வொர்த் மாதிரி இன்னும் பலர் எப்படித் தவறாக உள்ளே போனார்கள்? பாரி ஷெக், பீட்டர் நியூஃபெல்ட் என்ற இரண்டு வழக்கறிஞர்கள் 1992-இல் நியூயார்க்கில் தொடங்கிய இன்னசன்ஸ் புராஜெக்ட், டிஎன்ஏ மூலம் விடுதலையான 375 வழக்குகளைத் தொகுத்திருக்கிறது. அதில் 69 சதவீதத்தில் ஆளைத் தவறாக அடையாளம் காட்டியிருக்கிறார்கள். 29 சதவீதத்தில் பொய் வாக்குமூலம் இருந்திருக்கிறது. செய்யாததை யாராவது ஒப்புக்கொள்வார்களா என்று கேட்பவர்கள் வர்ஜீனியாவின் எர்ல் வாஷிங்டன் வழக்கைப் பார்க்க வேண்டும். அவர் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர், போலீஸ் கேட்டதற்கெல்லாம் ஆமாம் போட்டார். கொல்லப்பட்டது கறுப்பினப் பெண் என்றார், அவர் வெள்ளைக்காரர். இரண்டு மூன்று குத்து என்றார், உடலில் இருந்தது 38. இவ்வளவு தப்பாகச் சொன்ன வாக்குமூலத்தை வைத்து மரண தண்டனை. 1985-இல் தண்டனை நிறைவேற 9 நாள் இருக்கும்போது நிறுத்தி வைத்தார்கள். 1993-இல் டிஎன்ஏ அவருக்குச் சாதகமாக வந்தும், தண்டனையை ஆயுளாகக் குறைத்ததோடு சரி. முழு மன்னிப்பு 2000-இல்தான் வந்தது. அந்த ஏழு வருடத்தை எந்தக் காரணம் சொல்லியும் என்னால் ஏற்க முடியவில்லை.

(திரையில்: டெக்சாஸ், 1986)

டெக்சாஸில் மைக்கேல் மார்ட்டன், மனைவியைக் கொன்றதாக 1987-இல் ஆயுள் தண்டனை பெற்றார். வீட்டுக்குப் பின்னால் சுமார் 90 மீட்டர் தள்ளி ரத்தக்கறை படிந்த கைக்குட்டை ஒன்று கிடைத்திருந்தது. அதைச் சோதியுங்கள் என்று கேட்டு மனுப் போட்டால், அரசுத் தரப்பு வருடக்கணக்கில் எதிர்த்தது. நீதிமன்றம் உத்தரவிட்டு 2011-இல் சோதித்தபோது அதில் மனைவியின் ரத்தமும் வேறொரு ஆணின் டிஎன்ஏ-வும் இருந்தன. அந்த ஆள், மார்ட்டன் சிறையில் இருந்த 1988-இல், ஆஸ்டினில் இன்னொரு பெண்ணையும் கொன்றிருந்தான். ஒரு நிரபராதியை உள்ளே வைத்ததற்கு அந்தப் பெண் உயிரைக் கொடுத்திருக்கிறார். மூன்று வயது மகன், அம்மாவை அடித்தபோது அப்பா வீட்டில் இல்லை என்று சொன்ன தகவலை விசாரணையின்போது மறைத்த அரசு வழக்கறிஞர் கென் ஆண்டர்சன் பின்னாளில் நீதிபதியாகவே ஆகிவிட்டார். மார்ட்டன் இருந்தது கிட்டத்தட்ட 25 வருடம், 2013-இல் ஆண்டர்சனுக்குக் கிடைத்த தண்டனை 10 நாள்.

டிஎன்ஏ என்றாலே தப்பாது என்றும் நினைத்துவிடக் கூடாது. ஜப்பானில் தோஷிகாசு சுகாயா, 1990-இல் நடந்த ஒரு சிறுமியின் கொலையில் ஆயுள் தண்டனை பெற்றதற்குக் காரணமே அந்தக் காலத்து நுணுக்கம் குறைந்த டிஎன்ஏ சோதனைதான். அதைக் காட்டித்தான் வாக்குமூலமும் வாங்கினார்கள். புதிய முறையில் சோதித்தபோது பொருந்தவில்லை. 2009-இல் வெளியே வந்தார், 2010-இல் நிரபராதி என்று தீர்ப்பு.

இன்னொரு சிக்கல், தூரத்திலிருந்து துப்பாக்கியால் சுட்ட கொலையில் கொலைகாரனின் ரத்தமோ விந்தோ பெரும்பாலும் இருக்காது. ஆனால் அங்கேயும் அதே மாதிரி சாட்சிகள்தான், அதே விசாரணை அறைகள்தான். தடயம் இருந்தாலும் கேட்டவுடன் சோதித்துவிட மாட்டார்கள். தண்டனைக்குப் பிறகு டிஎன்ஏ சோதனை கேட்பது அரசியலமைப்பு தரும் உரிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் சொல்லிவிட்டது. அந்தந்த மாநிலச் சட்டம் அனுமதித்தால் உண்டு.

அதனால்தான் இந்த வழக்குகளை ஆராய்ந்தவர்கள் ஆய்வகத்தை விட்டுவிட்டுக் காவல் நிலையத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அடையாள அணிவகுப்பை நடத்தும் அதிகாரிக்குச் சந்தேக நபர் யார் என்றே தெரியக்கூடாது, ஏனென்றால் அவருடைய பார்வையும் குரலும் சாட்சியைத் தள்ளிவிடும். சாட்சி ஆளைக் காட்டியதும், எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பதை அவர் வாயால் சொன்னபடியே அப்போதே எழுதி வைக்க வேண்டும். அப்புறம் விசாரணை முழுவதையும், கடைசியில் வரும் வாக்குமூலத்தை மட்டுமல்ல, முதல் கேள்வியிலிருந்தே பதிவு செய்ய வேண்டும். கொலைகாரனுக்கு மட்டுமே தெரிந்த விவரத்தை முதலில் சொன்னது கைதியா, போலீஸா என்று அந்தப் பதிவில் கேட்டுப் பார்க்கலாம்.