வைஸ்பியர் ஊத்தத் தெரியுமா? வாங்க, பால்கனியில காட்டுறேன்

வணக்கம் மக்களே! ஜெர்மனியில, மியூனிக்ல இப்ப சாயங்காலம் ஏழு மணி. வெயில் இன்னும் இறங்கல. கையில இருக்கிறது வைஸ்பியர், கோதுமை பியர். லேபிள்ல ‘ஹெஃப’ன்னு போட்டிருக்கு பாருங்க, அப்படின்னா ஜெர்மன்ல ஈஸ்ட். இந்தப் பேர்ல இங்க விக்கணும்னா மால்ட்ல, அதாவது பியருக்காக முளைகட்டிக் காயவெச்ச தானியத்துல, பாதியாவது கோதுமை இருக்கணும். குடிக்காதவங்களும் சின்னப் பசங்களும் இந்த வீடியோவ விட்டுடுங்க.

நம்ம ஆளுங்களோட உக்காரும்போதெல்லாம் கவனிக்கிறேன். நுரை வந்துடக் கூடாதுன்னு கிளாஸ படுக்கப்போட்டு சொட்டுச் சொட்டா ஊத்துறாங்க. நுரை வந்தா காசு போச்சுன்னு நெனப்பு. எனக்கு அத பாத்தா மனசு தாங்காது. நுரையும் பியர்தாங்க! அடங்கினா மறுபடி பியரா கீழதான் வரும். நுரையே இல்லாம ஊத்தினா கேஸ் எல்லாம் பியர்லயே தங்கி, வயித்துல போய் வெளிய வருது. அப்புறம் உப்புசம்னு சொல்றோம். வாசனையும் போச்சு. இந்த பியர்ல வாழைப்பழ வாசனை, கிராம்பு வாசனை ரெண்டும் இருக்கு. யாரும் பழமும் போடல, கிராம்பும் போடல. எல்லாம் ஈஸ்ட்டோட வேலை. நுரை ஒடைய ஒடையத்தான் அது மூக்குக்கு வரும்.

சரி, கிளாஸ். நெட்டையா, இடுப்பு ஒடுங்கி, மேல விரிஞ்சு இருக்கு. இங்க ஒரு கோடு தெரியுதா? 0.5 லிட்டர். அதுக்கு மேல இவ்வளவு இடம் விட்டிருக்கிறதே நுரைக்காகத்தான்.

இந்த வீடியோவுல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கறதா இருந்தா, கிளாஸ் சுத்தத்த வெச்சுக்கங்க. எண்ணெய்ப் பிசுக்கு நுரைக்கு எமன். குழம்புப் பாத்திரம் தேய்ச்ச அதே ஸ்பாஞ்சால கிளாஸ தேய்க்காதீங்க. சோப்பு மிச்சம் இருந்தாலும் நுரை நிக்காது. சுத்தமான்னு பாக்க, தண்ணி ஊத்திக் கவுத்துங்க. உள்பக்கம் முழுக்க ஒரே படலமா வழிஞ்சா சுத்தம். அங்கங்க முத்து முத்தா நின்னா பிசுக்கு இருக்கு, திரும்பக் கழுவுங்க. அப்புறம் துணியால தொடைக்காம, பச்சத் தண்ணியில அலசி ஈரத்தோடவே எடுத்துக்கங்க. ஈரக் கண்ணாடியில பியர் வழுக்கிட்டு இறங்கும், நுரை சட்டுன்னு பொங்காது. ஃப்ரீசர்ல வெச்ச கிளாஸ் வேணாம். அந்த ஐஸ் பொடியிலயே நுரை பீறிட்டு வந்துடும்.

இப்ப ஊத்தப் போறேன். பாட்டில் ஃப்ரிட்ஜ்ல நிமிர்ந்தே நின்னது, எடுத்து அஞ்சு நிமிஷம் ஆச்சு. கிளாஸ நல்லா சாய்ங்க. பாட்டில் வாய் உள்பக்கச் சுவருக்குக் கிட்ட. டீ ஆத்துற மாதிரி உசரத்துலேர்ந்து வேணாம். மெதுவா… பாருங்க, சுவர் மேலேயே வழியுது. பாதி ஆனதும் கிளாஸ கொஞ்சம் கொஞ்சமா நிமிர்த்துங்க. இப்ப நேரா. நுரை எழும்புதா? நிறுத்துங்க. பாட்டில்ல ரெண்டு விரக்கடை பியர் இருக்கட்டும்.

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். அடியில மங்கலா தங்கியிருக்கே, அது ஈஸ்ட். நான் வந்த புதுசுல கெட்டுப்போன கசடுன்னு நெனச்சு சிங்க்ல ஊத்தினேன். மேல் வீட்டுப் பெரியவர் பாத்துட்டு என் கையிலேர்ந்து பாட்டில வாங்கி இப்படிச் சுழட்டினாரு. ஆட்டக் கூடாது, மணிக்கட்டால வட்டமா மூணு நாலு சுத்து. ஈஸ்ட் கலங்கி எந்திரிக்கும். அத நுரைக்கு நடுவுல விடுங்க… நிறம் மாறுது பாருங்க, பொன்னா இருந்தது கலங்கி ஆரஞ்சாகுது. நுரை கிளாஸுக்கு மேல தொப்பி மாதிரி நிக்குது. அழகா இருக்கு இல்ல?

இந்த ஊர் பல்கலைக்கழகத்துல ஆர்ன்ட் லைகேன்னு ஒரு இயற்பியல்காரர், எர்டிங்கர் வைஸ்பியரையும் சேத்து மூணு பியரோட நுரை எப்படி இறங்குதுன்னு நேரம் வெச்சு அளந்தாரு. கதிரியக்கப் பொருள் சிதையற அதே கணக்குலதான் நுரையும் குறையுதுன்னு காட்டினாரு. 2002ல அதுக்கு இக் நோபல் குடுத்தாங்க, அதாவது மொதல்ல சிரிக்க வெச்சு அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்குக் குடுக்குற பரிசு. படிச்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம், நுரைய ஒருத்தர் இவ்வளவு மதிச்சிருக்காரேன்னு.

எலுமிச்சத் துண்டு வேணாம், தோல்ல இருக்கிற எண்ணெய் நுரைய அமுக்கிடும். இடிச்சுக்கறப்ப கிளாஸோட அடிப்பாகத்த இடிங்க, அங்கதான் கண்ணாடி தடிமன். கண்ணப் பாத்து, ப்ரோஸ்ட்!

…ம்ம். இப்ப கேமராவ கிட்ட கொண்டு வர்றேன். நான் ஒவ்வொரு வாய் குடிச்ச இடத்துலயும் உள்ள வெள்ளையா ஒரு வளையம் ஒட்டியிருக்கு, பாத்தீங்களா? ஒண்ணு, ரெண்டு, மூணு. கிளாஸ் சுத்தமா இருந்தாத்தான் இது வரும். உங்க கிளாஸ்ல எத்தன வளையம் வந்ததுன்னு படம் எடுத்து அனுப்புங்க.