ஏழு பழங்கள், நான்கே இடங்கள்

[திரையில் 16 சொற்கள்]

கொய்யா, ஈமு, நாவல், நீலம்
ஆரஞ்சு, கவிதை, மாதுளை, பென்குயின்
கட்டுரை, பலா, கிவி, ஊதா
நெருப்புக்கோழி, அத்தி, சிறுகதை, சிவப்பு

[குரல்]

விதி எளிது. இந்தச் சொற்களை நந்நான்காகச் சேர்த்து நான்கு குழுக்களாக்க வேண்டும். நான்காவது தவறோடு ஆட்டம் முடிந்துவிடும். 'நியூயார்க் டைம்ஸ்' 2023 ஜூனில் 'கனெக்‌ஷன்ஸ்' என்ற பெயரில் தொடங்கிய தினப் புதிர் இந்த வகைதான். இன்றைய கட்டத்தை விளக்கத்துக்காக நானே அமைத்தேன்.

பார்த்ததும் உங்கள் விரல் பழங்களை நோக்கித்தானே போனது? கொஞ்சம் பொறுங்கள், முதலில் எண்ணுங்கள். கொய்யா, மாதுளை, பலா, அத்தி, நாவல், ஆரஞ்சு, கிவி. நான்கு இடங்களுக்கு ஏழு பேர் நிற்கிறார்கள். ஏழிலிருந்து நான்கை எடுக்க 35 வழிகள் உண்டு. சரியானது ஒன்றே ஒன்று. மூன்று சொற்கள் சரியாக இருந்தால், 'ஒன்றுதான் தவறு' என்று ஆட்டம் ஆறுதல் சொல்லும். அதை நம்பி அவசரப்படாதீர்கள். எதை எடுத்துவிட்டு எதை வைப்பது என்பதற்கு அப்போதும் 12 வழிகள் மீதமிருக்கும். நான் தோற்ற ஆட்டங்களில் பெரும்பாலானவை அந்த ஆறுதலுக்குப் பிறகு தோற்றவைதான்.

[பழங்கள் மங்குகின்றன, மற்ற ஒன்பதும் ஒளிர்கின்றன]

ஆகவே, எந்த வகையிலும் பழமாக முடியாத சொற்களிடம் போவோம். ஈமு, பென்குயின், நெருப்புக்கோழி: மூன்றும் பறக்காத பறவைகள். நான்காவது எங்கே? கிவி! பெயரில் பறவைதான் மூத்தது. 'சீன நெல்லி' என்று பொருள்படும் பெயரில் இருந்த பழத்துக்கு, நியூசிலாந்து ஏற்றுமதியாளர்கள் 1959இல் அந்தப் பறவையின் பெயரைச் சூட்டினார்கள்.

நீலம், ஊதா, சிவப்பு ஆகியவற்றோடு ஆரஞ்சு சேரும். இங்கே கதை தலைகீழ்: பழம் முந்தியது, நிறத்தின் பெயர் அதிலிருந்து வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது பொறி. கவிதை, கட்டுரை, சிறுகதை, கூடவே நாவல். மரத்தின் பெயரான நாவல் பழந்தமிழ்ச் சொல். புனைகதையைக் குறிக்கும் நாவல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. ஒலி மட்டும் தற்செயலாக ஒத்துப்போயிற்று. ஆங்கிலப் புதிர்க்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தப் பொறியை வைக்க முடியாது!

மூவர் விலகியதும் கொய்யா, மாதுளை, பலா, அத்தி தாமாகவே நிற்கின்றன.

[புதிய திரை: தக்காளி, வாழை, திராட்சை, கத்தரி, ஸ்ட்ராபெர்ரி]

இன்னொரு நாள் இந்த ஐந்தும் ஒரே கட்டத்தில் வந்தால், காயா பழமா என்று பிரிக்க முயலாதீர்கள். தாவரவியலில் 'பெர்ரி' என்பது பூவில் விதைகள் உருவாகும் பகுதியான சூலகம் ஒன்றிலிருந்தே உருவாகும், உள்ளே கடினமான கொட்டை இல்லாத சதைக்கனி. அந்தக் கணக்கில் தக்காளியும் வாழையும் திராட்சையும் கத்தரியும் பெர்ரிகள். ஸ்ட்ராபெர்ரியில் நாம் தின்னும் சதை சூலகத்திலிருந்து வருவதே இல்லை. பூவின் அடித்தளம்தான் அப்படிப் பருத்து நிற்கிறது. பெயரில் பெர்ரி இருந்தும் வெளியே போக வேண்டியது அதுதான்.