முன்வரிசையில் எத்தனை நாற்காலி?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொங்கல் சாப்பிட்ட மயக்கத்திலும் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் ரோஸ் ஹில் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘பிள்ளைகளின் உயர்வுக்குப் பெரிதும் காரணம் பெற்றோரின் உழைப்பா, அரசின் கல்வித் திட்டமா?’ இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன், கரும்புத் தோட்டத்தில் கத்தி பிடித்த கைகள்தாம் மொரீஷியஸ் தமிழனைப் படிக்க வைத்தன என்றார். நீங்கள் தட்டினீர்கள். நானும் தட்டினேன், ஏனென்றால் என் தாத்தாவும் கரும்பு வெட்டியவர். அதே தாத்தாவைத்தான், திட்டமே காரணம் என்னும் என் தரப்புக்குச் சாட்சியாக இப்போது கூப்பிடப் போகிறேன்.

ஃபிளாக் பக்கம் ஒரு கிராமம். தாத்தாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவர் என் பெரியம்மா, ஆறாம் வகுப்பை முடித்தது 1971இல். மாதாமாதம் சம்பளம் கட்டினால்தான் அன்றைக்குக் கல்லூரிக்குப் போக முடியும். (வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே உயர்நிலைப் பள்ளியைத்தான் கல்லூரி என்போம்.) தாத்தாவிடம் அந்தக் காசு இல்லை. இருந்த கொஞ்சமும் மாமாவுக்குப் போனது, பையன் அல்லவா! பெரியம்மா தோட்டத்துக்குக் களை எடுக்கப் போனார். பிற்பாடு ஏற்றுமதித் தொழிற்சாலைகள் பெருகியபோது பனியன் தைக்கப் போனார்.

இளையவர் என் அம்மா. அவர் ஆறாம் வகுப்பை முடித்தது 1976 கடைசியில். 1977 ஜனவரியில் நாடு முழுக்க உயர்நிலைக் கல்வி இலவசம். அம்மா கல்லூரிக்குப் போனார், ஆசிரியை ஆனார்.

ஒரே வீடு, ஒரே அப்பன், ஒரே அரிவாள். அக்காவிடம் குறைவாகவும் தங்கையிடம் அதிகமாகவும் தாத்தா பாசம் வைத்தார் என்று எதிரணி சொல்லட்டும் பார்ப்போம். பெரியம்மா அதோ மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார், அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். கணக்கில் அம்மா அக்காவை விடக் கெட்டிக்காரி ஒன்றும் இல்லை. இன்றைக்கும் சந்தையில் சில்லறை எண்ணுவதில் பெரியம்மாவை யாரும் ஏமாற்ற முடியாது. இருவருக்கும் நடுவே நின்றது ஓர் அரசாங்க முடிவு, அவ்வளவுதான்.

அந்த முடிவும் சும்மா வந்துவிடவில்லை. 1975 மே 20 அன்று மாணவர்கள் தெருவில் இறங்கித் தலைநகர் போர்ட் லூயிஸை நோக்கி நடந்தார்கள். கிரான்ட் ரிவியேர் பாலத்தில் போலீஸ் மறித்துக் கண்ணீர்ப் புகை வீசியது. அதே ஆண்டு ஓட்டுப் போடும் வயது 21இலிருந்து 18 ஆனது. 1976 டிசம்பரில் தேர்தல். அதற்குக் கொஞ்சம் முன்னால் அன்றைய பிரதமர் சிவசாகர் ராம்குலாமின் அரசு இலவசக் கல்வியை அறிவித்தது. ஓட்டுக்காகத்தானே என்று கேட்பீர்கள். இருக்கட்டுமே! எதற்காகக் கொடுத்தார்கள் என்பதா முக்கியம்? சீருடைக்கும் புத்தகத்துக்கும் தாத்தா கடன் வாங்கினார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த உழைப்பு 1971இலும் அவரிடம் இருந்தது. அப்போது அதற்குக் கதவு திறக்கவில்லையே.

அடுத்து எதிரணி அக்கா, “அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளை எந்தப் பள்ளியிலும் தேறும்” என்றார். சரி, ஒரு கேள்வி. 2000களின் தொடக்கத்தில், ஆறாம் வகுப்பு முடிவில் எழுதும் சி.பி.இ. தேர்வில் ஐந்து ஆண்டுகளாக 40 விழுக்காடு தேர்ச்சிகூட எட்டாத பள்ளிகளைத் தனியே எடுத்து ‘செப்’ பள்ளிகள் என்று பெயர் வைத்தார்கள். முன்னுரிமைக் கல்வி மண்டலம் என்று பொருள். ஏறக்குறைய 30 பள்ளிகள். அக்கறையில்லாத பெற்றோரெல்லாம் கூடிப் பேசி, ஒரே வட்டாரத்தில் வீடு பார்த்தார்களா, அக்கா? ஏழை வீடுகள் ஓரிடத்தில் சேர்ந்ததும், அந்த இடத்துப் பள்ளியை நாடு பல காலம் கண்டுகொள்ளாமல் விட்டதும் தாயின் குற்றமா?

இனி டியூஷன். நம் கிரியோல் பேச்சில் ‘லெசோன்’ என்றால் இங்கே சிரிக்காத ஆளில்லை. பிள்ளைக்காக வயிற்றைக் கட்டி லெசோனுக்குக் கொடுப்பது பெற்றோரின் தியாகம் என்றது எதிரணி. நான் ஆசிரியை, அந்தக் கூத்தைக் கிட்டே இருந்து பார்த்தவள். இந்த மண்டபத்தையே பாருங்கள். முன்வரிசையில் பத்து நாற்காலி. ஆறு மணி நிகழ்ச்சிக்கு நாலரைக்கே வந்து இடம் பிடித்தவர்கள் இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன். நாளைக்கு எல்லோரும் மூன்று மணிக்கே வந்தாலும் முன்வரிசையில் பத்துப் பேர்தான் உட்கார முடியும். நாற்காலி போடுகிறவர்தான் எண்ணிக்கையை முடிவு செய்கிறார். ‘ஸ்டார்’ என்று பெயரெடுத்த முன்னணிக் கல்லூரிகளில் இடம் கொஞ்சம் என்று வைத்துவிட்டு, பதினொரு வயதுப் பிள்ளைகளை ரேங்க் போட்டு வரிசையில் நிறுத்தினால் லெசோன் முளைக்காமல் என்ன செய்யும்?

அந்த ரேங்க்கை 2002இல் எடுத்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் ஆட்சி மாறியது, தேர்வில் ஏ-பிளஸ் தரம் என்ற பெயரில் அது திரும்பி வந்தது. 2017இல் ஒன்பதாண்டுக் கல்வித் திட்டம் வந்து சி.பி.இ.யே போனது. நிம்மதி என்றோம். ஒன்பதாம் வகுப்பு முடிவில் என்.சி.இ. என்று ஒரு தேர்வு, அதில் சிறந்தவர்களுக்கு ‘அகாடமி’ என்ற பெயரில் 12 சிறப்புக் கல்லூரிகள் என்று வைத்தார்கள். ஆக, பதினொரு வயதில் இருந்த பதற்றம் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. லெசோனும் பின்னாலேயே போனது. திட்டம் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் பெற்றோரின் பணமும் தூக்கமும் நகர்கின்றன. “பார்த்தீர்களா, திட்டம் கெடுதலும் செய்கிறதே” என்று எதிரணித் தலைவர் குறிப்பெடுப்பது தெரிகிறது. எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. கெடுக்கும் அளவுக்கு அதற்குப் பலம் இருக்கிறது என்பதைத்தானே நானும் சொல்கிறேன்.

நம் மொழியையும் பார்த்துவிடுவோம். பக்கத்துத் தீவு ரீயூனியன். அங்கேயும் நம்மைப் போலக் கரும்புக்காகக் கப்பலேறி வந்த தமிழர்கள், அங்கேயும் காவடி, அங்கேயும் தீமிதி. பக்தியில் நம்மை விட ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன். ஆனால் பிரெஞ்சுப் பள்ளியில் தமிழ் வகுப்பு வேரூன்றவில்லை, மொழி கையை விட்டுப் போனது. நாம் மட்டும் என்ன, வீட்டில் கிரியோல்தான் பேசுகிறோம். இருந்தும் நம் பிள்ளை அ, ஆ எழுதுகிறது. அரசுத் தொடக்கப் பள்ளியின் அட்டவணையில் தமிழுக்கு நேரம் இருக்கிறது, மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனம் ஆசிரியர்களை உருவாக்குகிறது, எனக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. நான் இங்கே நின்று தமிழில் பேசுவதே ஒரு திட்டத்தின் விளைவுதான்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். ஒரே நிமிடம் ஐயா.

ஆறாம் வகுப்பில் தேறாத பிள்ளைகளுக்கு ‘நீட்டிப்புத் திட்டம்’ என்று ஒன்று வைத்தார்கள். மற்றவர்கள் மூன்று ஆண்டில் எழுதும் அதே என்.சி.இ.யை இவர்கள் நான்கு ஆண்டில் எழுத வேண்டியிருந்தது. கூட்டிப் படிக்கவே தடுமாறும் பிள்ளைக்கு அதே பாடம், அதே தேர்வு, கூட ஓர் ஆண்டு. அப்படி முதன்முதலாக எழுதிய பிள்ளைகளில் தேறியவர்கள் மிகச் சிலர். அப்படி ஒரு பையனின் அம்மா என்னிடம் வந்தார். ஹோட்டலில் துணி துவைக்கும் வேலை, மகனுக்காக இரவு ஷிஃப்ட்டும் சேர்த்துப் பார்க்கிறார். “டீச்சர், நான் இன்னும் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. எதிரணித் தலைவருக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு அவர் பதில் சொல்லட்டும்.