குண்டின் எடையும் குழல்வாய் வேகமும்

நேயர்களுக்கு வணக்கம்.

1900 ஜனவரியில், நம் தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித் நகருக்கு அருகிலுள்ள ஸ்பியோன்கோப் குன்றில் ஆங்கிலேயருக்கும் டச்சு வழிக் குடியேறிகளான போயர்களுக்கும் நடந்த சண்டையில், ஒப்பந்தக் கூலிகளாக இந்நாட்டுக்கு வந்த நம்மவர் பலர் காயமுற்றோரைச் சுமந்து இறக்கினர். அன்று ஆங்கிலேயர் சுட்ட 303 (குழல் விட்டம் 0.303 அங்குலம்) ரைபிளின் குண்டு 215 கிரெய்ன் எடையுள்ளது. நொடிக்கு 600 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் புறப்பட்டது. போயர்களின் 7 மில்லிமீட்டர் மௌசர் ரைபிளின் குண்டு 173 கிரெய்ன். அதன் வேகமோ 700 மீட்டரை ஒட்டியது. ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ அரைக் குன்றிமணி.

இலேசான குண்டு விரைவாகப் போகும் என்பதைச் சிறுவனும் சொல்வான். ஆனால் எடை ஐந்தில் ஒரு பங்கு கூடினால் வேகமும் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று பலர் நினைப்பது தவறு. இரண்டு ரைபிள்களை ஒப்பிட்டால் இது விளங்காது. தோட்டாவின் பித்தளைக் கூடும் வெடிமருந்தும் வேறுபடும். எனவே ஒரே 308 ரைபிளை எடுத்துக்கொள்வோம். கடையில் கிடைக்கும் தோட்டாக்களில் 150 கிரெய்ன் குண்டு நொடிக்குச் சுமார் 860 மீட்டரில் புறப்படும். 180 கிரெய்ன் குண்டு சுமார் 800 மீட்டரில். எடை 20 சதவீதம் கூடியும் வேகம் 7 சதவீதமே குறைகிறது.

கனமான குண்டு எளிதில் நகராததால், அதன் பின்னால் எரியும் மருந்தின் வாயு நெருக்குண்டு அழுத்தம் ஏறுகிறது. குண்டு குழலுக்குள் சற்றுக் கூடுதல் நேரம் தங்குவதால் வாயு அதைத் தள்ளும் காலமும் நீள்கிறது. அதே காரணத்தால்தான், இலேசான குண்டுக்கு அளந்த மருந்தை அப்படியே கனமான குண்டின் பின்னால் இடுவது ஆபத்து: அழுத்தம் ரைபிள் தாங்கும் எல்லையைக் கடந்துவிடக்கூடும். தோட்டா தயாரிப்போர் மருந்தின் அளவைக் குறைப்பார்கள், அல்லது மெதுவாக எரியும் மருந்துக்கு மாறுவார்கள்.

ஒரே விட்டமும் ஒத்த வடிவமும் உடைய குண்டுகளில் கனமானதைக் காற்று குறைவாகவே தடுக்கும். ஆகையால் குழல்வாயில் இருந்த அந்த நொடிக்கு 60 மீட்டர் வேக வித்தியாசம் தூரம் போகப் போகச் சுருங்கும்; ஆனாலும் வழக்கமான வேட்டைத் தூரத்தில் இலேசானதே முந்தும். கனமான குண்டினால் தோளில் விழும் உதையோ கூடும். அதைத் தோட்டாப் பெட்டியின் மேல் யாரும் அச்சிடுவதில்லை. கரூ என்னும் வறண்ட வெட்டவெளியில் ஸ்பிரிங்பாக் மானைத் தொலைவிலிருந்து குறிவைப்பவர் 150 கிரெய்னை நாடுவதும், புதர்க்காட்டில் குடு என்னும் பெரிய மானைத் தேடுபவர் 180 கிரெய்னை எடுத்துச் செல்வதும் இந்தக் கணக்கினால்தான்.